ரப்பர் விரிப்புக்கு அடியில்

போன வாரம் கதையை எங்கே நிறுத்தினேன் என்று உங்களில் பலர் என்னைவிட நன்றாகவே சொல்வீர்கள். ஆனாலும் பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஒரு வாரம் தவறவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாலு வரி.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் நம் பளிச்சம்மாவுக்குப் பள்ளியிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும். இல்லையென்றால் திங்கள் முதல் அவள் ஓட்டும் ரூட் வேறு வேனுக்கு. அவள் கணவர் வண்டிகளுக்குத் தகடு வேலை பார்க்கும் டிங்கர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை பார்த்தார். டிங்கரின் தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள், அதே சோதனை நிலையத்தில் ஆய்வாளர். மாற்றலாகி வந்ததிலிருந்து அண்ணன் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள்.

ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். "நாத்தனார் ஒரே வீட்டில் இருந்தும் இந்த அண்ணிக்கு ஒரு நாள்கூடக் கோபம் வராதா? நன்றாகக் காதில் பூ சுற்றுகிறீர்கள்!"

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. இன்றைக்கு வருகிறது கோபம். இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

காலையில் குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்ததும் பளிச்சம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியைக் கழுவ ஆரம்பித்தாள். அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, சோப்புத் தண்ணீரை வாளி வாளியாக உள்ளே ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, பின்கதவு வழியாகத் தள்ளிவிடுவாள். குழந்தைகள் வண்டி என்றால் சும்மாவா? ஒன்று பாலைக் கொட்டும். ஒன்று வாந்தி எடுக்கும். ஒன்று பென்சில் சீவி அங்கேயே போடும். ஆனால் அடுத்த நடைக்கு ஏறுகிற குழந்தைக்கு இதில் எதுவுமே தெரியாது.

"எங்க வீட்டு ஹாலைவிட உங்க வண்டி சுத்தமா இருக்கே!" என்று ஒரு தாய் என்றோ சொன்னாள். அந்த வார்த்தையைப் பளிச்சம்மா இன்றும் மனதில் வைத்திருக்கிறாள். வைத்திருக்க மாட்டாளா? கல்யாணமாகி எத்தனையோ வருடம் அந்த வீட்டில் அவளிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. வேன் ஓட்டக் கற்று, ரூட் பிடித்து, நாலு பேர் அவளை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிவிட ஆரம்பித்த பிறகுதான், "நீ என்ன நினைக்கிறே?" என்ற கேள்வியே அவள் காதில் விழுந்தது. அந்த ரூட் போனால் போவது பணம் மட்டும் இல்லை. மறுபடியும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கும் பழைய ஆளாகிவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு.

"இன்னைக்குமா கழுவறே?" என்றார் டிங்கர், வாசல்படியில் டீ டம்ளரோடு நின்று.

"சோதனைக்குப் போற வண்டி அழுக்காவா போகும்? உங்களுக்கென்ன, நீங்க அடியில பாத்தாச்சு. மேல நான் பாக்க வேண்டாமா?"

டிங்கர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு டீயைக் குடித்தார்.

சின்னவள் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். டிங்கர் அவள் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். "வண்டி உன் லேன்லதானே வரும்?"

"வராதுண்ணா. வீட்டு ஆளுங்க வண்டியை நாங்க தொடக் கூடாது. பக்கத்து லேனுக்குத் தள்ளிடுவாங்க. அங்க இருக்கற ஆபீசர், கண்ணாடிக்காரர்தான் பாப்பாரு."

"அப்படியா? அதுவும் சரிதான். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாரு."

அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சின்னவள் அதைப் பார்த்தாள். என் லேனில் வந்தால் காரியம் சுலபம் என்று சந்தோஷப்பட வேண்டிய ஆள், வராது என்றதும் ஏன் சந்தோஷப்படுகிறார் என்று தோன்றியது. நேரமாகிவிட்டதால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

சோதனை நிலையம் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். உயரமான தகரக் கூரை, அதன் கீழ் இரண்டு லேன், ஒவ்வொரு லேனுக்கும் நடுவில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு பள்ளம். வண்டி பள்ளத்துக்கு மேல் வந்து நிற்கும். ஆய்வாளர் டார்ச்சும் சின்னச் சுத்தியலுமாக உள்ளே இறங்கி, அடியில் தட்டித் தட்டிப் பார்ப்பார். நல்ல தகடாக இருந்தால் கணீரென்று சத்தம் வரும். துருப்பிடித்த தகடு பொத்தென்று சொல்லும். அந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதி வேலை தெரிந்த மாதிரி.

பளிச்சம்மாவின் முறை வரும்போது பிற்பகலாகிவிட்டது. வண்டிக்கு விளக்கு சரி, பிரேக் சரி, டயர் சரி. கண்ணாடிக்காரர் பள்ளத்தில் இறங்கினார். பக்கத்து லேனில் ஒரு சரக்கு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவளின் காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

இரண்டே தட்டு. அதுவும் முன்பக்கம். அவ்வளவுதான் கேட்டது.

"அடேயப்பா! அடியில கண்ணாடி மாதிரி மின்னுது" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக்காரர் மேலே ஏறி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சின்னவளைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வீட்டு வண்டியை நான் என்ன மேடம் தட்டிப் பாக்கறது? நீங்க பாக்காமயா இங்க அனுப்பியிருப்பீங்க?"

பாஸ் என்று முத்திரை விழுந்தது. பளிச்சம்மா சான்றிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைச் சின்னவள் தூரத்திலிருந்து பார்த்தாள்.

அவர் பார்ப்பார் என்று இவள் ஒதுங்கி நின்றாள். இவள் பார்த்திருப்பாள் என்று அவர் ஒதுங்கிவிட்டார். கடைசியில் அந்த வண்டியை யாருமே பார்க்கவில்லை. விதியை ஒழுங்காக மதித்ததன் பலன் இது.

வண்டி லேனைவிட்டு வெளியே உருளும்போது அவள் குனிந்து அடியில் ஒரு பார்வை பார்த்தாள். முன்னிருந்து பின்வரை கன்னங்கரேலென்று கெட்டியான பூச்சு. சின்ன வயதில் அண்ணன் பட்டறையில் டார்ச் பிடித்தவள் அவள். வேறு யாராவது பூசிய வண்டி வந்தால் அண்ணன் கிண்டல் செய்வது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பாத்தியா, எவ்வளவு தாராளமா பூசியிருக்கான்! நல்ல தகட்டுக்கு எதுக்குடி இத்தனை கறுப்பு? உள்ள ஏதோ இருக்கு." அந்த அண்ணன்தான் வேலை செய்து அவளைப் படிக்க வைத்தார். அப்பா இல்லாத குறை தெரியாமல் வளர்த்தார். அவர் கையைச் சந்தேகப்படுவது அவளுக்குப் பெரிய பாவமாகத்தான் பட்டது.

பாஸ் ஆகிவிட்டது. இவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் சரக்கு வண்டியைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் சாயங்காலம் அந்த வண்டியில் குழந்தைகள் ஏறுவார்களே?

மேசைமேல் கிடந்த நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வண்டிகள் நிற்கும் திடலில் பளிச்சம்மா இரண்டு டீயோடு காத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வா, வா! உனக்கும் சேத்து வாங்கிட்டேன். பாத்தியா, உங்க அண்ணன் கை! அந்த ஆபீசரே அசந்து போயிட்டாரு."

"அண்ணி, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேளேன்."

"உள்ள இருக்கற ரப்பர் விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கலாமா?"

பளிச்சம்மாவின் சிரிப்பு நின்றது. "எதுக்கு?"

"தரைத் தகடு எப்படி இருக்குன்னு..."

"பாஸ் ஆன வண்டியைப் பிடிச்சு நோண்டணும்கிறியா? உனக்கு என்ன வந்துச்சு இப்ப?" டீ டம்ளரை வண்டிப் படியில் டக்கென்று வைத்தாள். "எனக்குத் தெரியும்டி. வீட்டுல நீ ஆபீசர், நான் டிரைவர். எனக்கு ஒரு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காது. இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

எழுதிக் கேட்ட வாசகிக்குத் திருப்திதானே? சின்னவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஆனால் நகரவில்லை.

"அண்ணி, நீங்க என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இன்னைக்குப் பூரா திட்டுங்க. ஒரு தடவை மட்டும் தூக்கிப் பாத்துடலாம். ஒண்ணும் இல்லேன்னா நான் உங்க கால்ல விழறேன்."

"விழுவே! விழத்தான் போறே!" என்று பளிச்சம்மாவே வண்டிக்குள் ஏறினாள். ரோஷத்தில் அவளே விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

அது சுலபத்தில் வரவில்லை. வண்டி வாங்கின புதிதில், அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சௌகரியமாக இருக்கட்டும் என்று டிங்கர் ஆசை ஆசையாக ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டிக்கொடுத்த விரிப்பு அது. அதன் பிறகு யாரும் அதைத் தூக்கியதில்லை. இருவருமாகச் சேர்ந்து இழுத்தபோது பின்பக்கத்து ஓரம் பிய்ந்து வந்தது.

முதலில் வந்தது ஒரு வாடை. நாள்பட்ட ஈர வாடை. சோப்பு வாசனையும் அதில் கலந்திருந்தது. காலையில் ஊற்றிய தண்ணீர் அடியில் இன்னும் குளமாக நின்றது. அதற்குக் கீழே தகடு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் அடுக்கு அடுக்காக ஏதோ உப்பியிருந்தது. அதன் நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். கீழேயிருந்து பட்டிப் பசை வைத்து ஓட்டைகளை அடைத்திருந்தார்கள். யார் போட்டது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சின்னவள் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினாள். பலம் கொடுக்கவே இல்லை. அது உள்ளே போயிற்று. வெளியே இழுத்ததும் அந்த ஓட்டை வழியாகத் திடலின் சரளைக்கல் தெரிந்தது.

பளிச்சம்மா கடைசி வரிசை இருக்கையின் காலைப் பிடித்து ஆட்டினாள். இருக்கை போல்ட்டோடு சேர்ந்து ஆடியது. அந்தப் போல்ட் பிடித்திருந்த தகடு கையோடு வந்துவிடும் போலிருந்தது. அந்த இருக்கையில்தான் முன்பல் விழுந்த வாயாடிப் பெண் உட்காருவாள். வளைவில் திரும்பும்போதெல்லாம், "ஆன்ட்டி, ஊஞ்சல் மாதிரி இருக்கு!" என்று கத்துவாள். அது குழந்தையின் விளையாட்டு என்று பளிச்சம்மா சிரித்திருக்கிறாள்.

"தண்ணி" என்றாள் பளிச்சம்மா. "நான் ஊத்தின தண்ணி."

"அண்ணி..."

"மேல மட்டும்தானே காயும். அடியில போனது எங்க போகும்? தினம் ரெண்டு வேளை ஊத்தியிருக்கேனே. பெருமைக்கு ஊத்தியிருக்கேனே!"

அவள் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சற்று முன் அவ்வளவு பேச்சுப் பேசியவள் தன் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதையும் வாசகி குறித்துக்கொள்ளட்டும்.

பிறகு பளிச்சம்மா கணவருக்குப் போன் போட்டாள். "விரிப்பைத் தூக்கிப் பாத்துட்டேன்" என்றாள். அந்தப் பக்கம் பட்டறையில் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. "வர்றேன்" என்றார் டிங்கர்.

அவர் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. சான்றிதழை எடுத்துக்கொண்டு நேராகக் கண்ணாடிக்காரரிடம் போனாள்.

"சார், இதைத் திரும்ப வாங்கிக்கங்க. என் வண்டியை ஃபெயில் பண்ணுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "ஃபெயில் ஆனதுக்குச் சண்டை போட வருவாங்கம்மா. பாஸ் ஆனதுக்கு வந்த முதல் ஆள் நீங்கதான்."

"வந்து பாருங்க சார்."

வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு வண்டியை மறுபடி பள்ளத்துக்கு மேல் ஏற்றச் சொல்லி, தானே இறங்கி, இந்த முறை அடியில் முழுவதும் தட்டினார். பின்பக்கம் போகப் போகச் சத்தம் செத்துப்போயிற்று. கடைசியில் ஒரு தட்டுக்குக் கறுப்புப் பூச்சோடு ஒரு பாளம் பெயர்ந்து அவர் தோளில் விழுந்தது.

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நினைச்சேன் மேடம்" என்றார் சின்னவளிடம்.

"நீங்க பாப்பீங்கன்னு நான் நினைச்சேன் சார்."

கண்ணாடிக்காரர் படிவத்தை எடுத்தார். தரைத் தகடும் இருக்கைப் பிடிமானமும் துருவால் பலமிழந்துள்ளன, குழந்தைகளை ஏற்றக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் தவறையும் மேலதிகாரியிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களின் தாட்சண்யம்தான் சில சமயம் வினையாகிவிடுகிறது.

பளிச்சம்மா பள்ளிக்குப் போன் போட்டாள். ஆபீஸ் அம்மா பதறவில்லை, திட்டவுமில்லை. அதுதான் இவளுக்கு அதிகமாக வலித்தது.

"சரிம்மா, நீங்க கவலைப்படாதீங்க. இன்னைக்குச் சாயங்காலமே உங்க பிள்ளைங்களை நம்ம ஸ்கூலுக்கே ஓட்டற நீல வேன்காரர் ஏத்திக்குவாரு. அவர் வண்டில இடம் இருக்கு. திங்கள்லேர்ந்து ரூட்டும் அவருக்கே குடுத்துடறோம்."

அவ்வளவுதான். இத்தனை வருடம் கட்டிக் காத்தது ஒரு போன் பேச்சில் முடிந்தது. பளிச்சம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாராவது பார்ப்பார்களே என்றுகூட யோசிக்கவில்லை.

டிங்கர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தபோது அவள் கண்ணைத் துடைத்திருந்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன மழைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்வேன்? தண்ணி ஊத்தாதேன்னா? சுத்தம்தான் உனக்குப் பேரு. ஊரே உன்னை அதைச் சொல்லித்தான் கூப்பிடுது. அதாலதான் வண்டி போச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்வேன்? விரிப்பை ஒட்டினதும் நான்தானே." அவர் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "லீவு விட்டதும் தரை பூரா அறுத்துப் போட்டுப் புதுசா போட்டுடலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் தாங்கும்னு..."

"லீவு வரைக்கும் தாங்கணும்னு அந்த சீட்டுக்குத் தெரியுமா?"

டிங்கர் தலை குனிந்துகொண்டார். சின்னவளைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பளிச்சம்மா பெருமூச்சு விட்டாள். அவள் மனதில் கோபத்தைவிட அசதிதான் இருந்தது. "போகட்டும். எனக்கு மனசு வலிக்குதுன்னு மறைச்சீங்க. வலிச்சா வலிச்சுட்டுப் போறேன், பிள்ளைங்க தப்பிச்சுதுங்களே. நீல வேன்காரர் ஏத்திக்கிட்டு வர்றாராம். ரூட்டும் இனிமே அவருக்குத்தான்."

டிங்கர் சட்டென்று நிமிர்ந்தார். "யாரு?"

"நீல வேன்காரர்."

அவர் முகம் வெளுத்துப்போனதை இரண்டு பெண்களும் பார்த்தார்கள்.

"என்னங்க?"

"அவன் வண்டிக்கும் நான்தான் பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"இதையேதான். நம்ம வண்டியைப் பாத்துட்டு அவனும் தண்ணி ஊத்திக் கழுவ ஆரம்பிச்சான். நம்ம மாதிரியே விரிப்பு ஒட்டித் தரச் சொன்னான். ஒட்டிக் குடுத்தேன். போன மாசம் சோதனைக்கு முன்னாடி கொண்டுவந்து விட்டான்."

சின்னவள் குறுக்கிட்டாள். "அண்ணா, அந்த வண்டி என் லேன்லதான் வந்தது. நான் பின்னாடி வரைக்கும் தட்டினேன். சத்தம் நல்லாத்தான் இருந்தது. நான்தான் பாஸ் போட்டேன்."

"உன் லேன்ல வந்தாலும் வரும்னுதான் அதுக்குக் கறுப்புப் பூசல" என்றார் டிங்கர், தரையைப் பார்த்தபடி. "பழசுக்கு அடியில புதுத் தகடு ஒண்ணு வச்சு, வண்டி கலர்லயே அடிச்சேன். தட்டினா சத்தம் வரும். நம்ம வண்டிக்கு ஒரே நாள்ல அதைச் செய்ய முடியல. ஆனா அது ஓரத்துல பழைய துருவுலதான் ஒட்டிக்கிட்டு நிக்குது. சீட்டும் அந்தத் துரு மேலதான் நிக்குது."

சின்னவள் அண்ணனை ஒரு நிமிடம் பார்த்தாள். தான் பட்டறையில் கற்றுக்கொண்டதை வைத்தே அவர் தன்னை ஏமாற்றியிருக்கிறார் என்பது அவளுக்கு மெல்ல உறைத்தது. திட்ட வேண்டும்போல இருந்தது. "நான் உள்ள போய் அதிகாரிகிட்ட சொல்லிடறேன். பாஸ் போட்டது நான்" என்று மட்டும் சொன்னாள்.

"நீல வேன்காரருக்குப் போன் போடுங்க" என்றாள் பளிச்சம்மா.

"வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டான். நல்ல டிரைவர்."

பளிச்சம்மா பள்ளிக்குப் போட்டாள். எல்லாக் குழந்தைகளும் ஏறியாகிவிட்டது, வேன் இப்போதுதான் கிளம்பிப் போகிறது என்றாள் ஆபீஸ் அம்மா. பளிச்சம்மா விஷயத்தைச் சொல்வதற்குள் நன்றி சொல்லி வைத்தும் விட்டாள்.

ஸ்கூட்டர் சாவி டிங்கரின் கையில் இருந்தது. பளிச்சம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

"பின்னாடி உக்காருங்க. முதல் ஸ்டாப்புக்கு அவர் வர்றதுக்குள்ள போயிடலாம். நான் வண்டியை நிறுத்தறேன். ஏன் நிறுத்தறோம்னு நீங்கதான் சொல்லணும்."

"அங்க எல்லாருடைய அப்பா அம்மாவும் நிப்பாங்களே."

"நிப்பாங்க."

"இதைச் சொன்னா இனிமே என் பட்டறைக்கு ஒரு வண்டி வராது."

"எனக்கு மட்டும் இனிமே ஒரு பிள்ளை வருமா?" என்றாள் பளிச்சம்மா. "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். சந்து பொந்துகளில் நுழைந்து அவள் ஓட்டிய ஓட்டத்தில், அவர் அவள் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் ஸ்டாப்பில், பூட்டிய துணிக்கடையின் நிழலில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். ஒரு தாய் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். ஒருவர் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். வேன் இன்னும் வரவில்லை.

"என்ன பளிச்சம்மா, நீங்க ஸ்கூட்டர்ல வர்றீங்க? பிள்ளைங்க எங்க?" என்றாள் அந்தத் தாய் சிரித்துக்கொண்டே. "எப்பவும் இந்நேரம் வந்துடுவீங்களே."

பளிச்சம்மா பள்ளிப் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தாள். தெருக்கோடிவரை நீல நிறம் எங்கும் இல்லை. பள்ளியிலிருந்து இங்கே வர இவ்வளவு நேரம் ஆகாது. அந்த வழியில் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு அத்துப்படி.

அவள் எஞ்சினை நிறுத்தினாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கட்டும் என்று காத்திருந்தாள்.

டிங்கர் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பட்டறைக் கறை படிந்த சட்டையோடு அத்தனை பேர் எதிரில் போய் நின்றார்.

"அம்மா, ஐயா, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார். "நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன்."